உன் சேகர் மாமா அன்னைக்குக் குடிக்கலை

பாபு, அப்பா எழுதறேன். நீ கேட்டது ஒரு பக்கத்துக்கு ரூட்டு. நான் எழுதப் போறது எத்தனை பக்கம் போவும்னு எனக்கே தெரியல. ஆபீஸ்ல உக்காந்துகினு இதைப் படிக்காதே, வீட்டுக்குப் போய் நிதானமா படி. மருமகப் பொண்ணுக்குக் காட்டறதா வேணாமானு முழுசும் படிச்சப்புறம் நீயே முடிவு பண்ணிக்கோ. எனக்கு அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

போன ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னியே, "தலை தீபாவளி முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் நாலு நாள் கயாக் ஓட்டப் போறோம்பா. கழிமுகம், ஆறு, கடலோரம், எங்கெங்க பாக்க நல்லா இருக்கும்னு நீங்கதான் எழுதித் தரணும். தமிழ்நாடு பூரா வேன் ஓட்டின ஆளாச்சே"னு. நான் "ம், எழுதறேன்"னு சொல்லிட்டு டக்குனு போனை வச்சுட்டேன். அப்பா கோவமா இருக்காருனு நெனச்சிருப்பே. கோவம் இல்லடா. கயாக்ங்கிற அந்த வார்த்தைய நம்ம வீட்ல பதினாறு வருஷமா யாரும் சொன்னதில்ல. உன் வாயிலேருந்து அது வந்ததும் எனக்குப் போனை வச்சாப் போதும்னு ஆயிடுச்சு. உங்கம்மா அடுப்படியிலேருந்து "என்னாவாம்?"னு கேட்டா. "ரூட்டு கேக்கறான்"னு சொன்னேன். எவ்ளோ லேசா பொய் வருது பாரு எனக்கு.

சரி, மொதல்ல நீ கேட்டதைச் சொல்லிடறேன், இல்லைனா பின்னாடி மறந்துடுவேன். பிச்சாவரம் போறதுனா விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியா கிள்ளைக்குப் போய்டு. காலைல ஏழு மணிக்குள்ள தண்ணியில இருக்கணும். சுரபுன்னை மரம் ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல கூரை மாதிரி மூடிக்கும், உள்ள வாய்க்கா சந்து சந்தா போகும், துடுப்புல சொட்டற தண்ணி சத்தம் கூட கேக்கும். அவ்ளோ அழகு. ஆனா கடல் ஏத்தம் எப்போ, இறக்கம் எப்போனு அங்க இருக்கற மீன்காரங்கள கேட்டுட்டு இறங்கு, இல்லைனா சேத்துல மாட்டிப்பே. பழவேற்காடு தை, மாசியில போனாத்தான் பூநாரைக் கூட்டம் ஜாஸ்தி. ஐப்பசியில கம்மி, ஆனாலும் ஏரி ஆழம் இல்லாம பரந்து கிடக்கறது பாக்கறதுக்கே கண்ணுக்கு நல்லது. முட்டுக்காட்ல கடல் இறக்கத்துல தண்ணி கடல் பக்கம் இழுக்கும், முகத்துவாரத்துக்குக் கிட்ட போவாதே. பாண்டிச்சேரி சுண்ணாம்பாறு மருமகளுக்குப் புடிக்கும், அது பயப்படறவங்களுக்கு ஏத்த எடம். நாலு நாள் போதாதுனா ஆலப்புழா. நான் சபரிமலை சீசன்ல சாமிங்கள எறக்கி விட்டுட்டு ஒரு நாள் பூரா அங்க சும்மா உக்காந்திருக்கேன். சின்ன வாய்க்கா, ரெண்டு பக்கமும் வீடு, பாத்திரம் தேய்க்கற பொம்பளைங்க நிமிந்து பாத்துச் சிரிப்பாங்க. ஆகாயத்தாமரை அடைச்சிருந்தா மட்டும் அந்தப் பக்கம் விடாதே.

ஒகேனக்கல் வேணாம். சாத்தனூருக்குக் கீழ நம்ம பெண்ணையாறு வேணவே வேணாம். ஏன்னு கேப்பே. அதுக்குத்தான் இத்தனையும்.

வேன் டிரைவருக்குத் துடுப்பப் பத்தி என்ன தெரியும்னு உனக்குத் தோணலாம். எண்பத்தொம்போதுல நான் அந்த மேட்டாடர் வேனை வாங்கினேன். அந்தக் குளிர்காலத்துல கிரிவலப் பாதைப் பக்கம் தங்கறதுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நெட்டையா, தாடியோட, ரெண்டு பெரிய சிவப்பு மூட்டையத் தூக்கிக்கினு. நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் தாடி வச்சிருந்தா சாமிதானே, அதனால அவருக்கு மூட்டைச்சாமினு பேரு வச்சுட்டாங்க. அந்த மூட்டையில என்ன இருந்துச்சுனு நெனைக்கற? படகு. குச்சி குச்சியா மரச்சட்டம், அதுக்கு மேல மாட்டற கான்வாஸ் துணி; அரை மணி நேரத்துல மாட்டிட்டார்னா பதினாறு அடி நீளத்துக்குக் கயாக் நிக்கும். மலையச் சுத்த வந்த ஊருக்குப் படகத் தூக்கிக்கினு வந்த ஒரே மனுஷன் அவர்தான். ரெண்டு வருஷம் என் வேன்லதான் சுத்தினார். ஆலப்புழா தவிர நான் மேல சொன்ன எடம் அத்தனையும் அவர் பின்னாடி போய்ப் பாத்ததுதான்.

அப்போ என் கூட கிளீனரா வந்தவன் உன் சேகர் மாமா. உங்கம்மாவோட ஒரே தம்பி, கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கடைக்குட்டி. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வேலைக்கு எழுதிப் போட்டுட்டு, அது வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு என் வேன்ல ஏறினான். மூட்டைச்சாமிக்கு அவன்னா உசிரு. அடி அண்ணாமலை பக்கத்து ஏரியில வச்சு அவனுக்குத் துடுப்பு போடக் கத்துக் குடுத்தார். ஒரே மாசத்துல அவர விட இவன் நல்லா ஓட்டினான். உன்ன மடியில வச்சு ஏரிய ஒரு சுத்து சுத்தினான், உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. கரையில நின்னு உங்கம்மா கத்தின கத்துல கொக்கெல்லாம் பறந்துடுச்சு.

மூட்டைச்சாமிக்கு ரெண்டு பழக்கம். எந்தத் தண்ணியில இறங்கினாலும் மொதல்ல கரையோரம் தண்ணி தொடற எடத்துல ஒரு குச்சிய நடுவார். அப்புறம் உக்காந்து ஒரு டீ குடிப்பார். டீ முடிஞ்சதும் போய், தண்ணி குச்சிக்கு மேல ஏறியிருக்கா, கீழ இறங்கியிருக்கானு பாப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இன்னொண்ணு, ஆரஞ்சு கலர்ல ஒரு மிதவைச் சட்டை. அதைப் போடாம யாரையும் ஏத்த மாட்டார். "நோ ஜாக்கெட், நோ போட்"னு கறாரா சொல்லிடுவார். உங்கம்மாவும் அதையே புடிச்சுக்கினா. "அந்தச் சட்டை இல்லாம ஏறினேன்னு காதுல விழுந்துச்சு, என் வீட்ல சோறு கெடையாது"னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தா. ரெண்டாவது வருஷம் மாசியில ஊருக்குத் திரும்பறப்போ அந்தப் படகையும் சட்டையையும் எங்ககிட்டயே குடுத்துட்டுப் போய்ட்டார் அந்த மனுஷன். அவர் குடுத்ததுல குச்சிய நான் எடுத்துக்கல. சட்டையையும் ஒழுங்கா வச்சுக்கல. வேன்ல டிரைவர் சீட்டுக்கு ஸ்பிரிங் போயிருந்துது, எனக்கு முதுகு வலி. அந்தச் சட்டைய மடிச்சு சீட்டுல போட்டு, மெத்துனு இருக்குதுனு அது மேல உக்காந்து ஓட்ட ஆரம்பிச்சேன்.

இப்போ சொல்றேன் கேளு. அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள். நீ அப்போ மூணாங்கிளாஸ். நம்ம ஊர்ல ஒரு துணிக்கடைக்காரர் குடும்பம் சாத்தனூர் டேம் பாக்கணும்னு என் வேனை எடுத்தாங்க. அவர் புதுசா ஒரு கேமரா வாங்கியிருந்தார். வர்ற வழியில எல்லாம் நான்தான் படகப் பத்தி அளந்து விட்டேன். "என் மச்சான் படகுல சர்ருனு வருவான் பாருங்க, நீங்க படம் புடிக்கணும்"னு. அவங்கள டேம் பார்க்குல எறக்கி விட்டு, சாப்ட்டு முடிச்சதும் கூப்பிட வரேன்னு சொல்லிட்டு, நானும் சேகரும் படகோட ஆத்தோரம் கீழ போனோம். வழியில ஒரு டீக்கடையில நிறுத்தினேன். சேகர் வேன்லயே இருந்தான், டேப்புல பாட்ட சத்தமா வச்சுட்டு படகுத் துணிய மடிச்சுக்கினு. அப்போ ஒரு ஜீப்பு மைக்கு வச்சுக்கினு போச்சு. மேல மழை ஜாஸ்தி, அணை ரொம்பிடுச்சு, மதியம் தண்ணி திறக்கறோம், யாரும் ஆத்துல இறங்க வேணாம்னு தெளிவா சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. எனக்கு நல்லா காதுல விழுந்துச்சு. டீக்கடைக்காரர் கூட, "படகு வச்சிருக்கீங்க போலக்குது, பாத்துங்க"னு சொன்னார்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? அண்ணாந்து வானத்தப் பாத்தேன். பளிச்சுனு வெயில். ஒரு வாரமா நம்ம பக்கம் ஒரு சொட்டு மழை இல்ல. நாம ஏரிக்காரங்க பாபு. நம்ம தலைக்கு மேல பேஞ்சாத்தான் நமக்குத் தண்ணி, பேயலைனா இல்ல. எங்கியோ கிருஷ்ணகிரி தாண்டி, கர்நாடகாவுல பேஞ்ச மழை வெயில் காயற ஊருக்கு நடந்து வரும்ங்கறது என் புத்திக்கு எட்டல. அதுவும் எனக்குத் தெரிஞ்ச பெண்ணையாறு எது? தை அஞ்சாந்தேதி நம்ம சாமி மணலூர்பேட்டைக்குத் தீர்த்தவாரி போவாரே, அந்த ஆறு. வருஷா வருஷம் வேன் நிறைய ஜனங்கள ஏத்திக்கினு போயிருக்கேன். கணுக்கால் தண்ணி, மிச்சமெல்லாம் மணல், புள்ளைங்க உருண்டு விளையாடும். சாமி குளிக்கற ஆறு, இது என்ன பண்ணிடப் போவுதுனு ஒரு எளக்காரம். இவங்க வருஷா வருஷம் இப்படித்தான் மைக்கு போடுவாங்கனு எனக்கு நானே சொல்லிக்கினேன். சேகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா அவன் இறங்க மாட்டான், அதனாலதான் சொல்லல. அதை மழுப்பாம எழுதிடறேன்.

கரையில படகை மாட்டினோம். "அரை மைல் மேல போய், அந்தப் பாறை வளைவுல காத்திருடா. நான் போய் அவங்களக் கூட்டினு வந்து ஹாரன் அடிக்கறேன், நீ அங்கேருந்து வா"னு சொன்னேன். மேலனா அணை இருக்கற பக்கம். நான்தான் அனுப்பினேன். அவன், "மாமா, சட்டை?"னு கேட்டான். நான் அதுக்குள்ள சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். "முதுகு உயிர் போவுதுடா, எழுந்தா மறுபடி உக்கார முடியாது. முழங்கால் தண்ணிக்கு என்னா சட்டை, போய்ட்டு வா"னுட்டேன். சிரிச்சுக்கினே, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, சோத்துல கை வைக்க உடாது"னு சொல்லிட்டு துடுப்ப எடுத்துக்கினு போனான்.

அவன் வளைவுல போய் மறையற வரைக்கும் பாத்துட்டு நான் வேனைத் திருப்பறதுக்குள்ளேயே சத்தம் கேட்டுது. லாரி வரிசையா வர்ற மாதிரி. திரும்பிப் பாத்தா தண்ணி செம்மண் கலர்ல, நுரையும் சுள்ளியுமா கரையத் தின்னுக்கினு வருது. வளைவுலேருந்து படகு வந்துச்சு, நான் ஆசைப்பட்ட மாதிரி சர்ருனுதான் வந்துச்சு, ஆனா பக்கவாட்டுல. பாறையில மோதி ரெண்டா மடங்கிடுச்சு. அவன் தலை தெரிஞ்சுது. அவனுக்குக் கிணத்து நீச்சல் தெரியும், ஆனா ஓடற தண்ணியில அது என்னாத்துக்கு ஆவும். "மாமா"னு ஒரே ஒரு தடவ கூப்ட்டான். நான் சீட்டுலேருந்து அந்தச் சட்டையப் புடுங்கி எடுத்துக்கினு ஓடிப் போய் வீசினேன். பத்தடி முன்னாடியே விழுந்துடுச்சு. அவன் பின்னாடியே அது மிதந்துக்கினு போச்சு, எட்டாமயே. அதுக்கு மேல அவனக் காணோம். மூணாம் நாள் கீழ ஒரு ஊர்ல, முள்ளு வேலியில கெடச்சான்.

இது வரைக்கும் செஞ்சது தப்பு. இனிமே சொல்றது பாவம். ஜனம் கூடறதுக்குள்ள அந்தச் சட்டை கொஞ்ச தூரத்துல புதர்ல மாட்டிக்கினு இருக்கறதப் பாத்தேன். போய் எடுத்தேன். ஈரத்தோட மடிச்சு சீட்டுல போட்டு, அது மேலயே உக்காந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். "எப்படி ஆச்சு?"னு கேட்டாங்க. "நேத்து பண்டிகை சார், மிச்சம் வச்சிருந்ததக் காலையிலயே போட்டுட்டான். வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம, சட்டையும் போடாம இறங்கிட்டான். நான் டீக்கடையில இருந்தேன்"னு சொன்னேன். யோசிச்சுச் சொல்லல, தானா வாயில வந்துச்சு. அந்த ஒரு பொய்யில எல்லாமே அடங்கிடுச்சு. யாரும் மறு கேள்வி கேக்கல. ஒரு தடவ கூட்டாளி கல்யாணத்துல சேகர் குடிச்சுட்டு பந்தல்ல விழுந்தது ஊருக்கே தெரியும். வாழ்க்கையில மொத்தமே ரெண்டு தடவயோ மூணு தடவயோ குடிச்சிருப்பான். அது போதுமா இருந்துச்சு ஜனங்களுக்கு.

அப்புறம் என்ன ஆச்சுனு உனக்கே தெரியும், ஆனா அதுக்குக் காரணம் நான்னு தெரியாது. அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வீட்ல, "நல்ல வேளை, குடிகாரன்கிட்டேருந்து தப்பிச்சோம்"னு வெளிப்படையாவே பேசினாங்க. உன் தாத்தா, கீழ்பென்னாத்தூர்ல என் மாமனார், சாவற வரைக்கும் அவன் படத்த வீட்ல மாட்ட விடல. தீபாவளிக்குச் செத்தவங்களுக்குப் படையல் வைப்பாங்களே, புது வேட்டி வச்சு, அதுல அவனுக்கு மட்டும் ஒரு வருஷம் கூட வைக்கல. "குடிச்சுட்டுச் செத்தவனுக்கு எதுக்குப் படையல்?"னுட்டார். உங்கம்மா உன்ன எத்தனை தடவ சொல்லியிருப்பா, "மாமா மாதிரி ஆயிடாதே"னு. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், சோறு பிசைஞ்சுக்கினு. அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன்னு நெனைக்காதே. எடுத்தா எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்களேனு பயந்து, வேனை விக்கற வரைக்கும் பத்து வருஷம் அது மேலயேதான் உக்காந்து ஓட்டினேன்.

உன்ன நீச்சலுக்கு விடல, ஏரிக்கு விடல, ஸ்கூல்ல பிச்சாவரம் டூர் போறப்போ காய்ச்சல்னு பொய் சொல்லி நிறுத்தினேன். நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசல. தண்ணியப் பாத்து அப்பாவுக்குப் பயம்னு நெனச்சே. தண்ணி மேல எனக்கு என்னடா பயம், அது அது பாட்டுக்கு வந்துச்சு, வரேன்னு சொல்லிட்டு வேற வந்துச்சு. அதனால இப்போ உன்னப் போவாதேனு சொல்ல மாட்டேன். போ. மருமகளையும் கூட்டினு போ. சட்டைய ரெண்டு பேரும் போடுங்க, ஃபோட்டோவுக்கு நல்லா இல்லைனு அவ கழட்டினா நீ கரைக்குத் திருப்பிடு. குச்சி நடு. பாக்கறவன் சிரிச்சா சிரிக்கட்டும். உன் தலைக்கு மேல இருக்கற வானத்தப் பாக்காதே, ஆறு எங்கேருந்து வருதோ அந்த ஊர்க்காரனுக்குப் போன் போட்டுக் கேளு, உங்களுக்குத்தான் இப்போ ஆளுக்கொரு செல்லு இருக்குதே. தண்ணி கலர் மாறி சுள்ளி மிதந்து வந்தா அந்த நிமிஷமே மேடேறு. முக்கியமா, எவனாச்சும் ஒரு சேதி சொன்னா அதக் கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிடு. அவங்க வராம போய்டுவாங்களேனு மறைக்காதே. எனக்குத் தெரிஞ்ச புத்தி இவ்ளோதான்.

இது வரைக்கும் நேத்து எழுதினது. எழுதி மடிச்சுட்டேன், ஆனா தபால்ல போட மனசு வரல. உங்கம்மாவுக்குச் சொல்லாம உனக்கு மட்டும் எழுதறது இன்னொரு திருட்டுத்தனம்னு பட்டுச்சு. இன்னைக்குக் காலையில அவ கீரை ஆஞ்சுக்கினு இருந்தா. எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், ஜீப்பு மைக்குலேருந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும். பாதியிலயே அவ கை நின்னுடுச்சு. முடிஞ்சதும், "அப்போ அவன் குடிக்கலையா?"னு கேட்டா. இல்லனு சொன்னேன். "ஒரு சொட்டு கூட?" ஒரு சொட்டு கூட இல்லனு சொன்னேன். அவ அழுவா, என்ன அடிப்பானு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "பதினாறு வருஷமா என் தம்பிய என் வாயாலயே திட்ட வச்சீங்களே"னு மட்டும் சொன்னா, ரொம்ப மெதுவா.

எழுந்து போய்க் குளிச்சா. பீரோவுல அடியில, பழைய புடவைக்குள்ள, அவன் படம் இருந்திருக்குது. எனக்கே தெரியாது. அதைத் துண்டுல சுத்தி எடுத்துக்கினா. போற வழியில கடையில நிறுத்தி ஒரு புது வேட்டி வாங்கியிருக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பின்னாடியே போனேன், அதனால தெரியும். நான் பக்கத்துல வந்தா அவ தள்ளி நின்னா. கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஏறி, ஜன்னலோரம் உக்காந்து, படத்த மடியில வச்சுக்கினா. தீபாவளிக்குப் படையல் அங்கதான் வைக்கப் போறாளாம், அவனுக்கு. கண்டக்டர் விசில் ஊதற வரைக்கும் நான் கீழயே நின்னேன். என் பக்கம் திரும்பல.

அதனால நீ மாமனார் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கீழ்பென்னாத்தூர்ல எறங்கு. இங்க வராதே. அந்தப் படத்துக்கு முன்னாடி மருமகளோட விழுந்து கும்பிட்டு, அங்க இருக்கற சொந்தக்காரங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி, எங்க மாமா குடிச்சுட்டுச் சாவலனு சத்தமா சொல்லு. எங்கப்பன்தான் காரணம்னும் சொல்லு, தயங்காதே. உங்கம்மா சொன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணு. அவ சொல்லலைனா பண்ணாதே.